வியாழக்கிழமையே தெரிஞ்ச பக்: ஒரு டெஸ்டிங் டீம் ஆரோக்கியமா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



இன்னிக்கு டெஸ்டிங் டீம் பத்திப் பேசப் போறோம். எந்த டூல் நல்லது, ஆட்டோமேஷன் கத்துக்கணுமா, சம்பளம் எவ்வளவு வரும், இதெல்லாம் இல்லை. அதுக்கெல்லாம் யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் பேசப் போறது டீமைப் பத்தி. எட்டுப் பத்து பேர் சேர்ந்து, அடுத்தவங்க எழுதின சாஃப்ட்வேர்ல குறை கண்டுபிடிக்கிறதையே தொழிலா வச்சிருக்காங்க. அந்தக் கூட்டத்தை எப்படி உருவாக்கறது, உருவாக்கின பிறகு கெட்டுப்போகாம எப்படிப் பார்த்துக்கறது?

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. அதுல பாதி வருஷம் டீம் லீட். முதல்ல என் தப்பு ஒண்ணைச் சொல்லிடறேன். இந்த எபிசோடே அதுல இருந்து வந்ததுதான்.

அந்த வியாழக்கிழமை

அப்போ நாங்க டெஸ்ட் பண்ணிட்டிருந்தது பணம் கட்டுற ஒரு ஆப். கம்பெனி பேர் வேண்டாம். என் டீம்ல திருவண்ணாமலைப் பக்கத்துல இருந்து வந்த ஒரு பையன் இருந்தான், சேர்ந்து நாலு மாசம். ஆஃபீஸ்ல எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம்னு எத்தனை தடவை சொன்னாலும், அவனுக்கு நான் ‘அக்கா’தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் ஒண்ணைப் பார்த்திருக்கான். நெட்வொர்க் மெதுவா இருக்கும்போது ‘பணம் செலுத்து’ பட்டனை ரெண்டு தடவை தட்டினா, ரெண்டு தடவை பணம் போயிடுது. ஒரு தடவைதான் அப்படி வந்தது. திரும்பப் பத்துத் தடவை முயற்சி பண்ணிப் பார்த்திருக்கான், வரவே இல்லை. நோட்டுல ஒரு வரி எழுதி வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டான். யார்கிட்டயும் சொல்லலை.

ஞாயித்துக்கிழமை காலையில என் ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்தது. நிறைய வாடிக்கையாளர்களுக்கு ரெண்டு தடவை பணம் பிடிச்சிருக்கு. கஸ்டமர் கேருக்கு வந்த புகார்களை ஒண்ணொண்ணா படிச்சேன். ஒருத்தர் எழுதியிருந்தார், மாசக் கடைசி, அக்கவுண்ட்ல இருந்ததே அவ்வளவுதான், குழந்தைக்கு மருந்து வாங்கணும்னு. அந்த வரி இன்னும் எனக்கு மறக்கலை.

திங்கட்கிழமை காரணம் தேடி எல்லாரும் உக்காந்தப்போதான் அவன் நோட்டைக் காட்டினான். எனக்கு வந்த முதல் கோபம் அவன் மேலதான். “ஏன்டா சொல்லலை?”ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னான்: “போன வாரம் சொன்னேன்ல அக்கா.”

போன வாரம் என்ன நடந்ததுன்னா, ட்ரையேஜ் மீட்டிங். வந்த பக்கையெல்லாம் வரிசையா எடுத்து, எதை இப்போ சரி பண்ணணும், எதை அப்புறம் பாத்துக்கலாம்னு முடிவு பண்ற கூட்டம். அதுல அவன் போட்ட ஒரு பக்கை டெவலப்பர் லீட் எடுத்து, “இது எங்க யாருக்கும் வரலையே, உன் ஃபோனுக்கு மட்டும் பேய் பிடிச்சிருக்கா?”ன்னு கேட்டார். பதினஞ்சு பேர் சிரிச்சாங்க. பக்கை மூடிட்டாங்க.

அந்தப் பதினஞ்சு பேர்ல நானும் சிரிச்சேன்.

அப்போதான் எனக்கு உறைச்சது. எங்க டீம்ல எல்லாம் சரியாத்தான் இருந்தது. டெஸ்ட் கேஸ் ஆயிரக்கணக்குல இருந்தது. டூல் இருந்தது. வாரா வாரம் ரிப்போர்ட் போச்சு. பக்கைக் கண்டுபிடிக்கிற ஆளும் இருந்தான், கண்டுபிடிச்சும் இருந்தான். ஆனா அவன் மேசையில இருந்து என் மேசைக்கு நாலு எட்டு தூரம். அந்த நாலு எட்டைத் தாண்டி அந்தச் செய்தி வரலை.

அதனால, டீம் ஆரோக்கியமா இருக்கான்னு யாராவது கேட்டா இப்போ எனக்கு ஒரே அளவுகோல்தான். ஒரு கெட்ட செய்தி, அதைப் பார்த்தவர்கிட்ட இருந்து முடிவெடுக்கிறவர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகுது? அதைக் கொண்டுபோனவருக்கு என்ன செலவாகுது? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் ‘கொஞ்சம்தான்’னா டீம் நல்லா இருக்கு.

நல்ல டீம்லதான் தப்பு அதிகமா வெளியே தெரியும்

இது எனக்கா தோணின ஞானம்னு நினைச்சுடாதீங்க. ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டு பேராசிரியர் ஒருத்தர் இருக்காங்க. 1990கள்ல, ஆராய்ச்சி மாணவியா இருந்தப்போ, ஆஸ்பத்திரிகள்ல நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறதுல நடக்கிற தவறுகளைப் பத்தின ஒரு ஆய்வுல வேலை பார்த்தாங்க. நல்ல தலைமையும் நல்ல உறவும் இருக்கிற நர்ஸ் டீம்ல தவறு குறைவா இருக்கும்ங்கிறதுதான் எதிர்பார்ப்பு. நாமளும் அப்படித்தான் நினைப்போம், இல்லையா?

கணக்கு தலைகீழா வந்தது. நல்ல டீம்லதான் பதிவான தவறுகளோட எண்ணிக்கை அதிகம். நல்ல டீம் அதிகமா தப்பு பண்ணுதா? அவங்க கண்டுபிடிச்ச விளக்கம் வேற. அந்த டீம்ல இருக்கிறவங்க தப்பை மறைக்காம சொல்றாங்க. பயம் இருக்கிற டீம்லயும் தப்பு நடக்கத்தான் செய்யுது, அது பதிவுக்கு வர்றதில்லை. இது 1996-ல் கட்டுரையா வந்தது. 1999-ல் வந்த அடுத்த கட்டுரையில, டீம் அளவுல இருக்கிற இந்த நிலைமையைத்தான் ‘சைக்கலாஜிக்கல் சேஃப்டி’ங்கிற பேர்ல விரிவா எழுதினாங்க. இங்க பேசினா நம்மளை அவமானப்படுத்த மாட்டாங்கன்னு டீம்ல எல்லாருக்கும் இருக்கிற நம்பிக்கைதான் அது.

இதை டெஸ்டிங்குக்குப் பொருத்திப் பாருங்க. “இந்த மாசம் பக் எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, சூப்பர்”னு மேனேஜர் ஸ்லைடு போடுறார். குறைஞ்சது பக்கா, பேச்சா? அந்த எண்ணை மட்டும் வச்சு அவரால சொல்லவே முடியாது.

“உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது”

பட்டனை ரெண்டு தடவை தட்டினா ரெண்டு தடவை கணக்குல ஏறுற கதை நம்ம ஊர்ல மட்டும் நடக்கலை. பிரிட்டன்லயும் நடந்திருக்கு. அங்க அதே சாஃப்ட்வேரோட பிழைகளால ஆளுங்க ஜெயில் வரைக்கும் போயிருக்காங்க.

பிரிட்டன்ல நிறைய தபால் நிலையங்களை சப்-போஸ்ட்மாஸ்டர்கள் நடத்துறாங்க. நம்ம ஊர் மளிகைக் கடை மாதிரி சின்னக் கடை, அதுக்குள்ளேயே ஒரு தபால் கவுண்டர். 1999-ல் இருந்து அந்தக் கவுண்டர்களுக்கு ‘ஹொரைசன்’னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வந்தது. ஃபுஜிட்சு கம்பெனியோடது. அது வந்த பிறகு பல கடைகள்ல சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பணம் குறையுதுன்னு காட்டினது. ஒப்பந்தப்படி பணம் குறைஞ்சா அவங்கதான் கட்டணும். சேமிப்பை எடுத்துக் கட்டினாங்க, வீட்டை அடமானம் வச்சுக் கட்டினாங்க. ஹெல்ப்லைனுக்கு ஃபோன் பண்ணினா பலருக்குக் கிடைச்ச பதில்: உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது, வேற யாரும் புகார் சொல்லலை.

1999-க்கும் 2015-க்கும் நடுவுல 900-க்கும் மேற்பட்டவங்க திருட்டு, பொய்க் கணக்குன்னு குற்றவாளி ஆக்கப்பட்டாங்க. சீமா மிஸ்ராங்கிற பெண்மணி 2010-ல் சிறைக்குப் போனப்போ கர்ப்பமா இருந்தாங்க. அவங்க மேல இருந்த தீர்ப்பு ரத்தாக 2021 ஆச்சு.

அந்த சாஃப்ட்வேர்ல இருந்த பக்குகள்ல ஒண்ணுக்கு ஸ்காட்லாந்துல இருக்கிற ஒரு ஊர் பேர், டால்மெல்லிங்டன். பணம் வந்து சேர்ந்ததுன்னு கவுண்டர்ல உறுதி செய்யும்போது திரை அப்படியே உறைஞ்சு நிக்கும். நாம என்ன பண்ணுவோம்? என்டர் பட்டனைத் திரும்ப அமுக்குவோம். அமுக்கின ஒவ்வொரு தடவையும் அந்தப் பணம் புதுசா வந்ததா சத்தமில்லாம கணக்குல ஏறினது. 2015-ல் அந்த ஒரு கிளையில மட்டும் கணக்குல 24,000 பவுண்டு இடிச்சது. நம்ம ஆப்ல அந்தப் பையன் பார்த்த பக்குக்குச் சொந்தக்காரன் மாதிரியே இருக்கா?

ஹொரைசன்ல பக் இருக்குன்னு யாருக்குமே தெரியாம இருந்திருந்தா அது வேற கதை. தெரிஞ்ச பிழைகளைக் குறிச்சு வைக்கிற பதிவு சப்போர்ட் டீம்கிட்ட இருந்தது. ஒரு அறையில உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியும். கோர்ட்டுல கூண்டுல நின்னவருக்குத் தெரியாது. 2019 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் அந்த சாஃப்ட்வேர்ல பிழைகளும் குறைகளும் இருந்ததுன்னு தீர்ப்பு சொன்னது. 2024 மே மாசம், அந்தத் தீர்ப்புகளை மொத்தமா ரத்து செய்ய பார்லிமென்ட்ல தனியா ஒரு சட்டமே போட வேண்டி வந்தது.

“உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது”ங்கிற வாக்கியத்தை நம்ம ஆஃபீஸ் மொழியில சொன்னா என்ன வரும்? “என் மெஷின்ல ஒர்க் ஆகுதே.” நாம தினமும் கேக்கிறதுதான். அதைச் சொல்றவர் பொய் சொல்லலை, அவர் மெஷின்ல நிஜமாவே ஒர்க் ஆகும். ஆனா அந்த வாக்கியத்தோட பேச்சு முடிஞ்சுட்டா, அங்கதான் ஆபத்து ஆரம்பிக்குது.

எண்ணிக்கைங்கிற வலை

சரி, திரும்ப நம்ம டீமுக்கு வருவோம். பேச்சு ஏன் நின்னுபோச்சுன்னு தேடினப்போ, ஒரு கிண்டல் மட்டும் காரணம் இல்லைன்னு தெரிஞ்சது. நாங்க எதை எண்ணிக்கிட்டிருந்தோம்ங்கிறதும் ஒரு காரணம்.

அப்போ எங்க சுவத்துல ஒரு போர்டு இருந்தது. யார் யார் இந்த மாசம் எத்தனை பக் போட்டாங்கன்னு பேரோட. நான்தான் ஆரம்பிச்சேன், ஆரோக்கியமான போட்டின்னு நினைச்சு. மூணே மாசத்துல என்ன ஆச்சு தெரியுமா? ஒரே பக்கை ஆண்ட்ராய்டுக்கு ஒண்ணு, ஐஃபோனுக்கு ஒண்ணு, டேப்லெட்டுக்கு ஒண்ணுன்னு உடைச்சுப் போட ஆரம்பிச்சாங்க. எழுத்துப் பிழையெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனி டிக்கெட். மாசக் கடைசி வாரத்துல எண்ணிக்கை எகிறும். ரெண்டு நாள் உக்காந்து நோண்டினாத்தான் கிடைக்கிற ஆழமான பக்கை யாரும் தொடலை, ரெண்டு நாளைக்கு ஒண்ணுதானே கிடைக்கும்?

அந்தப் பக்கம் டெவலப்பருக்கும் இதே கதை. அவர் பேர்ல எத்தனை பக் விழுதுன்னு அப்ரைசல்ல பார்த்தாங்க. அவர் என்ன பண்ணுவார்? ஒவ்வொரு பக்குக்கும் “இது பக் இல்லை, டிசைனே அப்படித்தான்”னு சண்டை போடுவார். ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஒரே பக்கால ஒருத்தருக்கு மார்க் கூடுது, இன்னொருத்தருக்குக் குறையுது. அப்புறம் எப்படி நட்பா இருப்பாங்க?

சார்லஸ் குட்ஹார்ட்ங்கிற பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் 1975-லேயே இந்தச் சிக்கலைச் சொல்லியிருக்கார். அவர் சொன்னது நாட்டோட பணக் கொள்கையைப் பத்தி. ஒரு அளவைப் பிடிச்சு அதை வச்சே ஆட்டுவிக்கப் பார்த்தா, அந்த அளவு நம்பகத்தன்மையை இழந்துடும்னு அதோட சாரம். எங்க சுவத்து போர்டுக்கும் அது அப்படியே பொருந்தினது.

போர்டைக் கழட்டினோம். இப்போ மாசத்துக்கு ஒரு தடவை மூணு விஷயம் மட்டும் பார்க்கிறோம், யார் பேரும் இல்லாம. ஒண்ணு, பக் பதிவானதுக்கும் அதைப் பத்தி ஒரு முடிவு எடுத்ததுக்கும் நடுவுல எத்தனை நாள்? ‘இப்போ சரி பண்ண வேண்டாம்’ங்கிறதும் ஒரு முடிவுதான், ஆனா யாராவது அதை எடுக்கணும். ரெண்டு, வாடிக்கையாளர் கைக்குப் போன பக் என்னென்ன? மூணு, அப்படிப் போனதுல எதெல்லாம் நம்ம ஆளுங்க யாருக்காவது முன்னாடியே தெரிஞ்சிருந்தது? இந்த மூணாவது வரிசைக்கு நாங்க வச்ச பேர் ‘தெரிஞ்சே தப்பிச்சது’. அதுல ஒண்ணு விழுந்தாலும், டெஸ்ட் கேஸை விட்டுட்டு டீமைத்தான் முதல்ல பார்ப்போம்.

எப்பவும் எரியற சிவப்பு விளக்கு

மனுஷன் மட்டுமா, மெஷின் சொல்ற கெட்ட செய்தியையும் நாம காதுல வாங்கறதில்லை.

ஆட்டோமேஷன் டெஸ்ட் ராத்திரி ஓடுது. காலையில வந்து பார்த்தா நாற்பது சிவப்பு. “அது எப்பவும் அப்படித்தான், ரீ-ரன் பண்ணு, பச்சை ஆயிடும்.” இதைச் சொல்லாத டீமை நான் பார்த்ததில்லை. கோட் மாறாமலே ஒரு நேரம் பாஸ், ஒரு நேரம் ஃபெயில் ஆகிற டெஸ்ட்டை ‘ஃப்ளேக்கி’ம்போம். 2016-ல் கூகுள் தன்னோட டெஸ்டிங் வலைப்பதிவுல ஒரு கணக்குச் சொன்னது. அவங்க டெஸ்ட் ஓட்டங்கள்ல சுமார் 1.5% ஃப்ளேக்கி. கேக்க ரொம்பக் குறைவா இருக்குல்ல? ஆனா பாஸ் ஆகிட்டிருந்த டெஸ்ட் ஃபெயிலுக்கு மாறின சந்தர்ப்பங்கள்ல சுமார் 84%-ல் ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டிருந்தது. அதாவது புதுசா எரியற சிவப்பு விளக்குல பெரும்பாலானது பொய் விளக்கா இருக்கலாம். அப்புறம் நிஜ விளக்கு எரியும்போது யார் திரும்பிப் பார்ப்பாங்க?

நைட் கேப்பிட்டல்னு அமெரிக்காவுல ஒரு பங்கு வர்த்தகக் கம்பெனி. 2012 ஆகஸ்ட் 1. புது கோட் எட்டு சர்வர்ல போட வேண்டியது, ஒண்ணுல போடாம விட்டுட்டாங்க. அந்த ஒரு சர்வர்ல எப்பவோ கைவிட்ட பழைய கோட் முழிச்சுக்கிட்டு, தாறுமாறா ஆர்டர் போட ஆரம்பிச்சது. சுமார் 45 நிமிஷம். நஷ்டம் 460 மில்லியன் டாலருக்கும் மேல. பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் விசாரிச்சப்போ வெளியே வந்த ஒரு தகவல்: அன்னிக்குச் சந்தை திறக்கிறதுக்கு முன்னாடியே அவங்களோட சிஸ்டம், பிழையைக் குறிப்பிட்டு 97 ஈமெயில் தானா அனுப்பியிருக்கு. ஊழியர்கள் இன்பாக்ஸுக்கு வந்தும் இருக்கு. அதை எச்சரிக்கையா எடுத்துக்கிட்டுப் பார்க்கிற வழக்கமே அங்க இல்லை.

எங்க டீம்ல இப்போ ஒரு விதி வச்சிருக்கோம். ஒரு டெஸ்ட் காரணமில்லாம ரெண்டு தடவை தடுமாறினா, அதை முக்கியக் கூட்டத்துல இருந்து பிரிச்சுத் தனியா வைப்போம். அதுக்கு ஒருத்தர் பொறுப்பு, ரெண்டு வாரம் டைம். சரி பண்ணணும், இல்லை தூக்கிப் போடணும். ஆரம்பத்துல டெஸ்ட் எண்ணிக்கை குறையுதேன்னு மேலிடத்துல முகம் சுளிச்சாங்க. ஆனா மூணு மாசம் கழிச்சு, காலையில ஒரு சிவப்பு தெரிஞ்சா டெவலப்பரே எழுந்து வந்து “என்ன ஆச்சு?”ன்னு கேக்க ஆரம்பிச்சார்.

ஆள் எடுக்கும்போது

டீம் கட்டுறதுல ஒரு பெரிய தப்பு, நம்ம மாதிரியே இருக்கிறவங்களை எடுக்கிறது. எல்லாரும் இன்ஜினியரிங், எல்லாரும் இருபத்தி நாலு வயசு, எல்லார் கையிலயும் நல்ல ஃபோன், வேகமான நெட். அப்புறம் மெதுவான நெட்வொர்க்ல என்ன ஆகும்னு யாருக்குத் தோணும்?

எங்க டீமுக்கு வங்கி கவுண்டர்ல பல வருஷம் வேலை பார்த்த ஒரு அம்மா வந்தாங்க. கோடிங் தெரியாது. இன்டர்வியூல பணம் அனுப்புற ஒரு ஸ்க்ரீனைக் காட்டி, “இதுல என்ன பார்ப்பீங்க?”ன்னு கேட்டேன். மத்தவங்க எல்லாம் மைனஸ் தொகை போடுவேன், எழுத்தைப் போடுவேன்னு சொன்னாங்க. இவங்க கேட்டாங்க: “பணம் போயிடுச்சு, ஆனா ரசீது வரலைன்னா இந்த மனுஷன் யாருக்கு ஃபோன் பண்ணுவார்? அந்த நம்பர் இங்க எங்க இருக்கு?” அன்னிக்கே எடுத்துட்டோம். ஆட்டோமேஷன்ல கில்லியா ஒருத்தர், தொழில் தெரிஞ்சவர் ஒருத்தர், சந்தேகப் பிராணி ஒருத்தர், பொறுமையா எழுதுறவர் ஒருத்தர், இப்படிக் கலந்து இருந்தாத்தான் அது டீம்.

இன்னொரு கேள்வியும் எல்லார்கிட்டயும் கேப்பேன். “நீங்க சொல்லியும் யாரும் நம்பாத பக் ஏதாவது இருக்கா? அப்போ என்ன பண்ணினீங்க?” பதில்ல அவங்க சண்டை போட்டாங்களா, விட்டுட்டாங்களா, ஆதாரம் சேர்த்தாங்களான்னு தெரிஞ்சுடும்.

தினசரிப் பழக்கம்

அந்த ஞாயித்துக்கிழமைக்குப் பிறகு நாங்க மாத்தினதைச் சொல்றேன். எதுக்கும் பட்ஜெட் தேவைப்படலை.

முதல் விஷயம், ‘கண்ணுல பட்டது’ன்னு ஒரு லிஸ்ட். திரும்ப வர வைக்க முடியாத, ஒரே ஒரு தடவை பார்த்த விஷயங்களுக்காகவே. ரெண்டு வரி போதும், முடிஞ்சா ஸ்க்ரீன் ரெக்கார்டிங். தினமும் பதினஞ்சு நிமிஷம் ஒரு டெஸ்டரும் ஒரு டெவலப்பரும் சேர்ந்து உக்காந்து அதைப் பார்ப்பாங்க. பார்த்தவர் சம்மதம் இல்லாம அதுல எதையும் மூட முடியாது. பெரும்பாலானது ஒண்ணுமில்லாம போகும். ஆனா ரெண்டு பேர் எழுதினது ஒரே இடத்தைக் காட்டும்போது முதுகுத்தண்டு சில்லுன்னு ஆகும்.

ரெண்டாவது, ட்ரையேஜ்ல ஒரு பழக்கம். முதல் கேள்வி “எங்களுக்கு வரலையே”ன்னு இருக்கக் கூடாது. “என்ன பார்த்தீங்க?”ன்னு இருக்கணும். சின்ன மாத்தம்தான். ஆனா முதல் கேள்வி கேட்டா அவர் தன்னை நியாயப்படுத்த ஆரம்பிப்பார். ரெண்டாவது கேட்டா நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். அதே மாதிரி டெஸ்டர் பக்கமும் ஒரு விதி இருக்கு. பக் எழுதும்போது ஆளைப் பத்தி எழுதக் கூடாது. “இதைக்கூட கவனிக்கலையா”ங்கிற தொனி இருந்தா திருப்பி அனுப்பிடுவேன். மரியாதை ரெண்டு பக்கமும் போகணும்ல?

மூணாவது, ‘சைன்-ஆஃப்’ங்கிற வார்த்தையை நிறுத்தினோம். ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஜூனியர் டெஸ்டரை நிறுத்தி “போலாமா, வேண்டாமா?”ன்னு கேக்கிறது அநியாயம். அந்த முடிவுக்கான அதிகாரம் அவர்கிட்ட இல்லை, ஆனா பழி மட்டும் அவருக்கு. இப்போ டெஸ்டர் மூணு விஷயம் சொல்வார்: எதைப் பார்த்தோம், எதைப் பார்க்க முடியலை, எது பயமா இருக்கு. முடிவு ப்ராடக்ட் ஓனரோடது. பயத்தைச் சொல்றதுக்கு ஒரு இடம் கொடுத்ததும், பயம் எவ்வளவு துல்லியமா வருதுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும்.

கட்டின பிறகு காப்பாத்தறது

டீம் ஒரே நாள்ல கெட்டுப்போறதில்லை. தூக்கம் போய்த்தான் கெடும். டெவலப்மென்ட் ஒரு வாரம் தள்ளிப்போகும், ரிலீஸ் தேதி மாறாது, நடுவுல நசுங்கறது டெஸ்டிங். சாயங்காலம் அமெரிக்கா கால், ராத்திரி டெப்ளாய்மென்ட், காலையில வழக்கம்போல ஸ்டாண்ட்-அப். மூணு ராத்திரி முழிச்சவர் கண்ணுக்குப் பக் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லத் தெம்பு இருக்காது, சொன்னா அதைத் திரும்ப டெஸ்ட் பண்றதும் அவர்தானே? அதனால ராத்திரி வேலைக்கு முறை போட்டுக்கங்க. முழிச்சவருக்கு மறுநாள் லீவு, கேக்காமலே கிடைக்கணும். நேரம் குறைஞ்சா வேகமா பண்ணுங்கன்னு சொல்லாம, எதை விடலாம்னு எழுதி மேல அனுப்புங்க. விட்டது எழுத்துல இருந்தா, அது எல்லாரோட முடிவு.

அடுத்தது, மேனுவல்னா மட்டம், ஆட்டோமேஷன்னா உசத்திங்கிற ஜாதி. இப்போ ஏஐ வந்து அதுல இன்னொரு படி கட்டியிருக்கு. டெஸ்ட் கேஸை ஏஐ நிமிஷத்துல எழுதித் தருது, நாங்களும் பயன்படுத்தறோம். ஆனா “ரசீது வரலைன்னா யாருக்கு ஃபோன் பண்ணுவார்?”னு வாடிக்கையாளர் பக்கம் நின்னு கவலைப்பட ஒரு ஆள் டீம்ல வேணும். அந்த ஆளுக்கும் ப்ரமோஷன் பாதை இருக்கணும். இல்லைன்னா அவங்கதான் முதல்ல வேலையை விட்டுப் போவாங்க.

திங்கட்கிழமை ஒரு கேள்வி

அந்தப் பையன் கதையை முடிச்சுடறேன். அடுத்த ட்ரையேஜ் மீட்டிங்ல, அதே பதினஞ்சு பேர் முன்னாடி, நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். “போன தடவை நீ சொன்னப்போ நானும் சிரிச்சேன். அது தப்பு. அதுக்கு விலை யாரோ ஒருத்தர் கொடுத்தார்”னு சொன்னேன். ரூம்ல யாரும் பேசலை. டெவலப்பர் லீட் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். மீட்டிங் முடிஞ்சு டீ குடிக்கப் போனப்போ அவரும் அவனைக் கூட்டிக்கிட்டுத்தான் போனார். அன்னிக்கு எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். அந்தப் பையன் வாய் திறந்து ஒரு விஷயத்தைச் சொல்ல இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு. நம்பிக்கை போறதுக்கு ஒரு சிரிப்பு போதும், வர்றதுக்கு ரெண்டு மாசம்.

நீங்க லீடா இருந்தா, வர்ற திங்கட்கிழமை உங்க டீம்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா ஒரு கேள்வி கேளுங்க. “போன மாசம் நீங்க பார்த்தும் சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?” முதல் தடவை எல்லாரும் “அப்படி எதுவும் இல்லை”ன்னுதான் சொல்வாங்க. பரவாயில்லை, அடுத்த மாசமும் கேளுங்க. யாராவது ஒருத்தர் பதில் சொன்னா, ஏன் அப்பவே சொல்லலைன்னு மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க. நான் அதைக் கேட்டவள். அதுக்கு வந்த பதிலைத்தான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்.

நீங்க லீடா இல்லாம, இப்போதான் சேர்ந்தவரா இருந்தா, உங்க நோட்டுல இருக்கிற அந்த ஒரு வரியைப் பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயாவது இன்னிக்கே காட்டுங்க. திரும்ப வர வைக்க முடியலைன்னாலும் காட்டுங்க.

உங்க டீம்ல இந்த மாதிரி அனுபவம் இருந்தா, கம்பெனி பேர் இல்லாம எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.